அயலார் கதையும் தமிழர் எழுத்தும்

கெடா மாநிலத்தை வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரித்துக் காட்டுவது அங்குள்ளோர் வழக்கம். வடக்கே அலோர் ஸ்டாரைச் சூழ்ந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல்வயல். தெற்கே சுங்கைப் பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் என நீளும் பகுதியில் ஒரு காலத்தில் வரிசை வரிசையாய்ப் பால்மரம். வயலில் மலாய்க்காரரும், மரத்தடியில் தமிழரும், இரண்டு விளைச்சலையும் நிறுத்து வாங்கும் பட்டணத்துக் கடையில் சீனரும் என்பது பாடப்புத்தகம் தரும் எளிய சித்திரம். மூவரும் ஒரே மழையில் நனைந்தனர். ஒரே சந்தையில் விலை கேட்டனர். ஒரே மருத்துவமனையின் விசுப்பலகையில் வரிசையாய் அமர்ந்திருந்தனர். ஆயினும் ஒருவர் வீட்டுத் துன்பம் மற்றவர் செவிக்கு எட்டியதா என்று கேட்டால், விடை தயங்கியே வருகிறது.

அந்தத் தயக்கத்தை இலக்கியம் எவ்வளவு தூரம் போக்கியிருக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஓர் இனத்தாரின் எழுத்தை அளக்கப் பல கோல்கள் உண்டு. மொழித்திறன் ஒன்று; கட்டுக்கோப்பு ஒன்று; உண்மை ஒன்று. இவற்றோடு, அந்த எழுத்தில் அயலான் வாய் திறந்து பேசுகிறானா என்பதையும் ஒரு கோலாகக் கொள்ள வேண்டும். பல இனங்கள் அண்டையில் வாழும் நாட்டில் அது விட்டுவிடக்கூடிய கோல் அன்று.

தப்பெண்ணம் எவ்வாறு தளர்கிறது?

ஓர் இனத்தார்மீது மற்றோர் இனத்தார் கொண்டுள்ள தப்பெண்ணம் பழகினால் தீரும் என்பது பொதுவான நம்பிக்கை. அமெரிக்க உளவியலறிஞர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் வெளியிட்ட நூலில் இந்த நம்பிக்கைக்கு ஒரு வரம்பு கட்டினார். வெறும் பழக்கம் போதாது. பழகுவோர் சம நிலையில் இருத்தல் வேண்டும். பொது நோக்கம் ஒன்று அவர்களுக்கு வேண்டும். அதற்காக ஒத்துழைத்தல் வேண்டும். சட்டமோ மேலிடமோ அப்பழக்கத்தை ஆதரித்தல் வேண்டும் என்றார். தோட்ட வாழ்வை அறிந்தோர்க்கு இதன் உண்மை சட்டென விளங்கும். துரையும் தொழிலாளியும் ஒரே தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் இருந்தனர். கிராணியும் பால் வெட்டும் பெண்ணும் நாள்தோறும் பெரட்டில் முகம் பார்த்தனர். அதனால் ஒருவரை ஒருவர் அறிந்தனர் என்று எவரும் சொல்லார். அருகில் இருத்தல் வேறு, அறிந்திருத்தல் வேறு.

அண்மைக் காலத்தில் இவ்வாய்வு ஒரு படி மேலே சென்றிருக்கிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இயங்கிய தொண்டர் குழு ஒன்று வீடு வீடாகச் சென்று, முன்பின் அறியாதவரோடு பேசும் முறையை வளர்த்தது. அவர்கள் விவாதம் செய்வதில்லை, புள்ளிவிவரம் அடுக்குவதில்லை. 'உங்களை எவரேனும் வேறுபட்டவர் என்று கருதி இழிவாக நடத்தியதுண்டா? அப்போது உங்கள் மனம் என்ன பாடுபட்டது?' என்ற வகையில் கேட்டு, வரும் விடையைக் குறுக்கிடாமல் கேட்பர். பின்னர்த் தம் வாழ்வில் நேர்ந்ததையும் சொல்வர். இம்முறையைப் பற்றி 2014இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று, அதன் தரவுகள் நம்பத்தகாதவை என்று கண்டறியப்பட்டு 2015இல் திரும்பப் பெறப்பட்டது. குறையைக் கண்டுபிடித்தோருள் இருவரான டேவிட் புரூக்மேன், ஜோஷுவா கால்லா என்போரே பின்னர் முறையான சோதனையை மயாமி நகரில் நடத்தினர். 56 தொண்டர் 501 வாக்காளரின் கதவைத் தட்டினர். திருநங்கையர், திருநம்பியர் பற்றிய தப்பெண்ணமே அங்குப் பேசுபொருள். ஏறத்தாழப் பத்து நிமிட உரையாடல் விளைவித்த மாற்றம் மூன்று மாதம் கழித்தும் நிலைத்திருந்ததாக 2016இல் அவர்கள் வெளியிட்டனர். 2020இல் குடியேறியோர் பற்றிய தப்பெண்ணத்தையும் சேர்த்து ஆராய்ந்து இன்னொரு முடிவையும் தந்தனர். வாதம் மட்டும் செய்த உரையாடல் நிலைத்த பயன் தரவில்லை. வாழ்வனுபவத்தைத் தீர்ப்புச் சொல்லாமல் பரிமாறிய உரையாடலே பயன் தந்தது.

இச்சோதனைகள் காட்டிய மாற்றம் பெரிதன்று. எல்லாரும் மாறிவிடவும் இல்லை. ஆயினும் இலக்கியம் படைப்போர்க்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. வாதம் நுழைய முடியாத கதவில் கதை நுழைகிறது. அதுவும் எவரோ ஒருவர் மற்றவரைப் பற்றிச் சொல்லும் கதையாக இருந்தால் போதாது. இருவரும் தம் கதையைச் சொல்லி, மற்றவர் கதையைக் கேட்டிருக்க வேண்டும்.

சாதுவன் காட்டிய வழி

இது மேலைநாட்டார் புதிதாய்க் கண்ட உண்மை என்று எண்ண வேண்டுவதில்லை. மணிமேகலையில் ஆதிரை பிச்சையிட்ட காதையில் சாத்தனார் இதனை நாடகமாகவே காட்டியிருக்கிறார். ஆதிரையின் கணவன் சாதுவன் கணிகையிடமும் சூதிலும் பொருளிழந்து, வணிகரோடு கலமேறுகிறான். கலம் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நக்க சாரணர் நாகர் வாழும் மலையை அடைந்து, களைப்பால் மரநிழலில் துயில்கிறான். ஊனுக்காக அவனை நெருங்கியவர், கண் விழித்த சாதுவன் தங்கள் மொழியிலேயே பேசக் கேட்டுத் திகைத்து, தங்கள் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர்.

தலைவன் முதலில் கேட்பது, நீ இங்கு வந்தது எவ்வாறு என்பதே. சாதுவன் தன் துன்பத்தைச் சொல்கிறான். அதைக் கேட்ட தலைவன் இரங்கி, இளம்பெண்ணையும் கள்ளையும் ஊனையும் அவனுக்குக் கொடுக்குமாறு பணிக்கிறான். மனித ஊனைத் தின்போன் என்று காவியம் அறிமுகப்படுத்திய ஒருவன் தன் குலத்து விருந்தோம்பலைச் செய்கிறான். சாதுவன் மறுக்கிறான். பெண்ணும் உண்டியும் இன்றி மாந்தர்க்கு உலகில் வேறு பயன் ஏது என்று தலைவன் வெகுண்டு வினவுகிறான். உயிர், வினை, மறுபிறப்பு பற்றி உரையாடல் நிகழ்கிறது. முடிவில் தலைவன் அடிபணிந்து, கள்ளையும் ஊனையும் கைவிட்டால் எங்கள் உடலில் உயிர் தரியாது, எங்களுக்கு ஆகும் அறத்தைச் சொல் என்கிறான். இந்த இடத்தில்தான் சாதுவனின் பெருமை விளங்குகிறது. முழு நோன்பையும் அவன் அவர்கள்மீது சுமத்தவில்லை. கலமுடைந்து கரையேறுவோரைக் கொல்லாதீர். மூத்து இறந்த விலங்கின் ஊனல்லாது வேறு உயிரைக் கொல்லாதீர் என்று, அவர்கள் நிலைக்கு இயன்றதையே கேட்கிறான். அவர்கள் இசைகின்றனர். முன்பு கலமுடைந்தோரிடம் பறித்த பொருளையெல்லாம் அவனுக்கே தருகின்றனர்.

அயலான் மொழியை அறிந்திருத்தல், தன் துன்பத்தை மறைக்காமல் சொல்லுதல், எதிராளியின் வாழ்நிலையைக் கேட்டு அதற்கேற்பப் பேசுதல் ஆகிய மூன்றும் இக்காதையில் உள்ளன. குறையும் உண்டு. நாகர் தலைவன் தன் மனைவியோடு இருந்த காட்சியைச் சாத்தனார் பெண் கரடியோடு ஆண் கரடி இருந்தாற்போல என்று உவமிக்கிறார். சாதுவன் பெற்ற தெளிவு கவிஞர்க்கு முழுமையாக வாய்க்கவில்லை. உரையாடல் பகுதியில் மனிதனாய் நிற்கும் தலைவன் வருணனைப் பகுதியில் விலங்காய் நிற்கிறான். அயலானைப் பேசவிடும்போது வெல்லும் எழுத்து, அயலானை வருணிக்கத் தொடங்கும்போது தோற்கிறது. பிற்கால நாவல்களிலும் இந்த விதி மீண்டும் மீண்டும் செயற்படக் காணலாம்.

இன்டர்லோக்: நன்னோக்கமும் கேளாச் செவியும்

கெடாவின் யான் பகுதியில் 1920இல் பிறந்தவர் அப்துல்லா உசேன். 1996இல் நாட்டின் இலக்கியவாணர் விருது பெற்றவர், 2014இல் மறைந்தார். 1971இல் நூலாக வெளிவந்த இவருடைய இன்டர்லோக் என்னும் மலாய் நாவல், செமான் குடும்பம், சிங் ஹுவாட் குடும்பம், மணியம் குடும்பம் என மூன்று பகுதிகளில் மூன்று இனத்தார் வாழ்வைச் சொல்லி, நான்காம் பகுதியில் அவர்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது. அயலாராய்த் தொடங்கியவர் ஒருவருக்கொருவர் துணையாகும் நிலைக்கு வருகின்றனர். மலாய் எழுத்தாளர் ஒருவர் தமிழ்த் தொழிலாளியின் கடற்பயணத்தையும் தோட்ட வாழ்வையும் நாவலின் நான்கில் ஒரு பங்காக ஏற்றுக்கொண்டது சிறிய செயலன்று. இந்த நோக்கத்தை மறந்துவிட்டு இந்நூலைப் பேசுவது நேர்மையாகாது.

ஆயினும் 2011ஆம் ஆண்டு ஐந்தாம் படிவ மாணவர்க்கு இந்நூல் பாடமாக வைக்கப்பட்டபோது மலேசிய இந்தியரிடையே பெருங்கொந்தளிப்பு எழுந்தது. கப்பலில் வந்தோர் யாவரும் ஒரே தாழ்ந்த சாதியினர், ஆதலால் தீட்டு அச்சமின்றிக் கலந்து பழகினர் என்னும் பொருள்படச் சாதிப் பெயரோடு அமைந்த பகுதி அதற்கு முதற்காரணம். கேரளத்திலிருந்து வந்தவனாகச் சொல்லப்படும் மணியத்தின் மொழியும் பழக்கமும் தமிழருடையவற்றோடு குழம்பிக் கிடப்பதையும் திறனாய்வாளர் சுட்டினர். ஆய்வுக்குழு அமைக்கப்பட்டது, திருத்தங்கள் பேசப்பட்டன, 2011ஆம் ஆண்டின் இறுதியில் நூலைப் பாடத்திலிருந்து விலக்குவதாக அரசு முடிவு செய்தது.

இலக்கிய நோக்கில் பார்த்தால் இந்நாவலின் குறை ஒரு சொல்லில் அடங்குவதன்று. மலாயாவுக்கு வந்தோர் பல சாதியினர். ஆதிதிராவிடர் பெருந்தொகையினர், வன்னியர், கள்ளர், கவுண்டர் எனப் பிறரும் வந்தனர். கங்காணி தன் ஊராரையும் தன் சாதியாரையும் திரட்டி வந்தபடியால் ஊர்ப்பிரிவினை அப்படியே கப்பலேறியது. பல தோட்டங்களில் லயங்களே சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தன. கப்பலில் தீட்டில்லை என்று எழுதுவது வரலாற்றுக்கு முரண். அந்தக் கப்பலில் வந்த முதியோர் பலர் 1960களில் உயிரோடு இருந்தனர். தோட்டத்துத் திண்ணையில் அமர்ந்து ரஜூலா கப்பலைப் பற்றியும் பினாங்குத் துறைமுகத்தைப் பற்றியும் ஜெராஜா தீவில் தனித்துவைக்கப்பட்ட நாள்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தனர். அவர்கள் வாய்மொழி நாவலுக்குள் புகுந்திருந்தால் அந்தப் பத்தி அவ்வாறு அமைந்திராது. செமானின் வீட்டை உள்ளிருந்து கண்ட எழுத்து, மணியத்தின் லயத்தை வெளியிலிருந்தே காண்கிறது.

தமிழர் எதிர்ப்பிலும் ஆராய வேண்டிய ஒன்று உண்டு. பல இன மாணவர் கலந்திருக்கும் வகுப்பறையில் தன் இனத்தையே ஓர் இழிசொல்லால் குறிக்கும் பக்கத்தை உரக்கப் படிக்க நேரும் பதினேழு வயதுப் பிள்ளையின் மனவேதனை உண்மையானது. அதைப் பொருட்படுத்தாத கல்வி கல்வியாகாது. எனினும் அந்த மாதங்களில் எழுந்த குரல்களுள், நாங்கள் அந்தச் சாதியினர் அல்லர் என்ற குரலும் கலந்திருந்தது. இழிவு செய்யும் வழக்கத்தைக் கண்டிப்பதற்கு மாறாக, இழிவு தம்மேல் பட்டதைக் கண்டிக்கும் குரல் அது. பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து தோட்டத் தமிழரிடையே பேசிய செய்தி இன்றும் முற்றுப் பெறவில்லை என்பதற்கு அக்குரலே சான்று. திருமணப் பேச்சு வந்தவுடன் ஊரையும் தெருவையும் மெல்ல விசாரிக்கும் வழக்கம் சுங்கைப் பட்டாணியின் அடுக்கு வீடுகள்வரை வந்திருக்கிறது. நூல் ஒன்று பாடத்திலிருந்து நீங்கியது. அந்த விசாரணை நீங்கவில்லை. ஒரு சொல்லை நீக்குவதற்கு ஆணை போதும். தப்பெண்ணத்தை நீக்க, அதனால் புண்பட்டவர் தம் கதையைச் சொல்லவும், புண்படுத்தியவர் வழிவந்தோர் குறுக்கிடாமல் கேட்கவும் வேண்டும். அவ்வுரையாடல் மலேசியத் தமிழர் வீட்டுக்குள்ளேயே இன்னும் முழுமையாக நடைபெறவில்லை.

லாஹுமாவும் பால்மரமும்

இன்டர்லோக்கிற்கு எதிர்முனையில் வைத்துப் பார்க்கத் தக்க இன்னொரு கெடா நாவல் உண்டு. சீக் வட்டாரத்தில் பிறந்த ஷானோன் அகமட் 1966இல் வெளியிட்ட ரஞ்சாவ் செப்பாஞ்சாங் ஜாலான் அது. வழிநெடுக முள் என்பது தலைப்பின் கருத்து. லாஹுமா, ஜெஹா என்னும் ஏழை நெல் விவசாயத் தம்பதியர்; அவர்களுக்கு ஏழு பெண்மக்கள். வயலில் இறங்கிய லாஹுமாவின் காலில் நீபோங் முள் தைக்கிறது. கால் அழுகி, உடல் வீங்கி, அவன் மாள்கிறான். ஜெஹா தனியாளாய் வயலைக் காக்கிறாள். நண்டு வருகிறது, வெள்ளம் வருகிறது, கதிர் முற்றியதும் பறவைக் கூட்டம் வருகிறது. அவள் மனம் பேதலிக்கிறது. வீட்டுக்குள்ளேயே அவளை அடைத்துவைக்க நேர்கிறது. பெண்மக்கள் வயலில் இறங்குகின்றனர். கம்போடிய இயக்குநர் ரித்தி பான் இக்கதையைத் தம் நாட்டு மக்கள் கதையாக 1994இல் திரைப்படமாக்கினார் என்பது, அதன் உண்மை எல்லை கடந்து சென்றதைக் காட்டும்.

இந்த நாவல் இனநல்லிணக்கத்தைப் பற்றி உபதேசம் ஏதும் செய்யவில்லை. அதனாலேயே அது தப்பெண்ணத்தை வலுவாகத் தாக்குகிறது. அரசின் சலுகையெல்லாம் மலாய்க்காரர்க்கே என்று எண்ணிக்கொண்டிருக்கும் தோட்டத்துத் தமிழன் ஒருவன் லாஹுமாவின் காலழுகும் பக்கங்களைப் படித்தால், பால்வாளியோடு மேட்டில் சறுக்கி விழுந்து படுத்த தன் பாட்டனை நினையாதிருக்க முடியாது. மருத்துவம் எட்டாத தூரம், படுத்தால் அடுப்பெரியாத வறுமை, ஆண் சாய்ந்தால் மொத்தச் சுமையும் பெண்மேல் விழும் கொடுமை ஆகியவை லயத்திலும் வயலிலும் ஒன்றே. 1974ஆம் ஆண்டின் இறுதியில் பாலிங் வட்டாரத்துச் சிறு தோட்டக்காரரான மலாய் மக்கள், ரப்பர் விலை வீழ்ந்து அரிசி விலை ஏறியதால் பசி தாங்காமல் ஊர்வலம் சென்றனர். அந்த விலை வீழ்ச்சியே தோட்டத் தமிழர் கூலியையும் கடித்தது. மரம் ஒன்று, பால் ஒன்று, விலை ஒன்று. துன்பத்தின் வரலாறு மட்டும் இரண்டு மொழிகளில், இரண்டு அலமாரிகளில் இருக்கிறது.

ஷானோனின் வெற்றிக்கும் அப்துல்லா உசேனின் மணியம் பகுதி சறுக்கியதற்கும் உள்ள வேறுபாட்டைத் திறமையின் ஏற்றத்தாழ்வாகக் கொள்வது பிழை. ஒருவர் தாம் வாழ்ந்து கேட்ட கதையைச் சொன்னார். மற்றவர் தாம் கேளாத கதையையும் சொல்ல முற்பட்டார். முன்னது எளிது, பின்னது அரிது. அரிய வழியில் இறங்குவோரே நாட்டுக்குத் தேவை. அவர்கள் செவியோடு இறங்க வேண்டும் என்பதே படிப்பினை.

தமிழ்ப் புனைவில் அயலார்

மேற்கூறிய கோலைத் தமிழ் எழுத்தின்மேலும் வைத்தாக வேண்டும். மலேசியத் தமிழ் நாவல் தன் மக்களின் துன்பத்தைப் பதிவு செய்வதில் குறை வைக்கவில்லை. சயாம் மரண இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர் கதையை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலிலும், சுங்கைப் பட்டாணியைச் சேர்ந்த கோ. புண்ணியவான் 'கையறு' நாவலிலும் எழுதினர். கொத்தடிமையாய் அடைத்துவைக்கப்பட்ட தொழிலாளர் அவலத்தை 'செலாஞ்சார் அம்பாட்' சொன்னது. கெடா எழுத்தாளர் சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' தோட்டத்து மனிதரைப் பூச்சின்றிக் காட்டியது. தப்பிப் பிழைத்தோர் வாய்மொழியும் அவர் பிள்ளைகளின் நினைவும் இல்லையெனில் இத்தகைய நூல்கள் பிறந்திரா. தன்னவர் கதையைக் கேட்கும் செவி தமிழ் எழுத்தாளர்க்கு உண்டு என்பதில் ஐயமில்லை.

அயலார் வகையில் நிலைமை வேறு. மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளைத் தொகுதி தொகுதியாகப் படித்து வருவோர், சீனத் தவுக்கே கணக்குப் புத்தகத்தோடு வருவதையும், மலாய்க்காரர் சீருடையோடோ அலுவலக மேசையோடோ வருவதையும், சயாமியர் மந்திரத் தாயத்தோடு வருவதையும் பன்முறை கண்டிருப்பர். அவர்கள் வந்து ஒரு வேலையை முடித்துவிட்டுப் போகின்றனர். தவுக்கேயின் தாய் எந்த ஊரில் மாண்டாள், அந்தக் காவலரின் தம்பிக்குப் படிப்பு ஏன் வரவில்லை என்று கதை கேட்பதில்லை. விதிவிலக்குகள் உண்டு, அவை விதிவிலக்குகளாகவே இருக்கின்றன. மணியத்தைப் பற்றி மலாய் நாவல் தவறியது என்று வருந்துவோர், செமானைப் பற்றித் தமிழ் நாவல் எத்தனை பக்கம் எழுதியது என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். தவறாக எழுதுவது ஒரு குறை; எழுதாமலே விடுவது அதனினும் சிறிய குறையன்று.

அயலாரைக் கேட்டெழுதிய முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. பி. எச். டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராய்ப் பணியாற்றியவர். முதிய தொழிலாளர் சொன்ன பழங்கதைகளைக் கேட்டே 1969இல் ஆங்கில நாவல் ஒன்றை எழுதினார். இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' என 2007இல் தமிழாக்கினார். புதுச்சேரிப் பகுதிச் சிற்றூரைச் சேர்ந்த விரம்மா என்னும் தலித் பெண்மணி தம் வாழ்க்கையைப் பல ஆண்டுகளாகத் தமிழில் சொல்லச் சொல்ல, ஜோசியான் ராசின் கேட்டுப் பதிவு செய்ய, 1995இல் பிரெஞ்சு மொழியில் நூலாயிற்று. அ. ரேவதி தம்மைப் போன்ற திருநங்கையர் பலரைச் சந்தித்து அவர்கள் வாழ்க்கையை அவர்கள் சொல்லிலேயே 'உணர்வும் உருவமும்' என 2005இல் தொகுத்தார். இம்மூன்றிலும் எழுதியவரின் திறமைக்கு முன்னால் நிற்பது கேட்டவரின் பொறுமையே.

சிவப்பு அட்டையும் இன்றைய லயமும்

இப்பொருள் வெறும் இலக்கிய வாதமாக நின்றுவிடாமல் இன்றைய வாழ்வைத் தொடும் இடம் ஒன்று உண்டு. 1968இல் இயற்றப்பட்ட வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969க்குப் பின் நடைமுறையானபோது, குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளர் வேலை அனுமதிச் சீட்டுக் கேட்டு அலைந்தனர். பிறந்ததும் உழைத்ததும் இம்மண்ணிலேயே என்றாலும் கையில் தாள் இல்லாதவர் ஏறத்தாழ 60,000 பேர் தமிழகத்துக்குத் திரும்பியதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. இங்கேயே தங்கி, சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை எய்தியோர் துன்பம் தனிக்கதை. வந்தேறி என்ற சொல் தமிழர் நெஞ்சில் இன்றும் ஆறாத புண்.

அந்தப் பழைய லயங்கள் நிற்கும் இடங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் தங்கிச் செம்பனைக் குலை வெட்டுகின்றனர். முகவருக்குக் கடன்பட்டுப் பயணம், கடவுச்சீட்டு மற்றவர் கையில், ஊருக்குப் பணம் அனுப்பும் ஏக்கம், விடுமுறை நாளில் பட்டணத்துப் பேருந்து நிலையத்தில் கூட்டமாய் நிற்கும் தனிமை ஆகியவற்றைக் கேட்டால், கங்காணி காலத்துப் பாட்டன் கதையை மறுபடி கேட்பது போலிருக்கும். ஆனால் சுங்கைப் பட்டாணிப் பேருந்து நிலையத்தைக் கடந்து செல்லும் தமிழர் சிலர் வாயில், ஒரு காலத்தில் தம் பாட்டனைச் சுட்ட அதே சொற்கள் இப்போது அந்தத் தொழிலாளர்மேல் விழுகின்றன. திருடுவார்கள், நோய் பரப்புவார்கள், பெண்களை நம்பி வெளியே விடமுடியாது என்பன அச்சொற்கள். தமிழ்க் கதைகளும் சில வேளை இவற்றை ஆராயாமல் எடுத்து ஆளுகின்றன. தன் புண்ணை மறவாத இனம் பிறர் புண்ணை அறியாதிருப்பது அந்த இனத்தின் இலக்கியத்துக்கே இழுக்கு.

மறுப்பும் அதன் நியாயமும்

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பேசிக்கொண்டிருந்தால் கூலி உயருமா என்று கேட்பர். கேட்பது நியாயமே. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைக்கு முன் மறியல் செய்தது, காவல்துறையோடு மோத நேர்ந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் வீதிக்கு வந்தபோது, வீ. தி. சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர் சேமிப்பைத் திரட்டிக் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை 1961இல் வாங்கியது. துரையின் மனமாற்றத்துக்குக் காத்திருந்து இவை நடைபெறவில்லை. உரிமை, அமைப்பால் வருவது, சட்டத்தால் நிலைப்பது. உரையாடலை அவற்றுக்கு மாற்றாக நிறுத்துவோர் ஏழையை ஏமாற்றுவோர்.

ஆயினும் அமைப்பு எவ்வாறு உருவாகிறது என்று அடுத்த கேள்வி கேட்டால், உரையாடலின் இடம் தெரியும். ஒரு லயத்தார் மறு லயத்தாரோடு தண்ணீர் புழங்காத தோட்டத்தில் சங்கம் நில்லாது. பாலிங் விவசாயியின் பசியும் பீடோங் தொழிலாளியின் பசியும் ஒன்றென்று அறியாத நாட்டில், ஒருவர் பசியைக் காட்டி மற்றவரை அடக்குவது அரசியலார்க்கு எளிது. ஆல்போர்ட் சொன்ன சம நிலை, மேலே இருப்பவர்க்கும் கீழே இருப்பவர்க்கும் இடையில் அரிதாகவே வாய்க்கும். கீழே அருகருகே கிடப்போர்க்கு இடையில் அது முன்பே இருக்கிறது. பயன்படுத்தப்படாமல் கிடக்கிறது.

எழுத்தாளர் கடன்

எழுத்தாளர் செய்யத் தக்கவை சில உண்டு. சாதுவனைப் போல அயலார் மொழியை முதலில் கற்க வேண்டும். மலாய்மொழியைத் தேர்வுக்காக மட்டும் படித்து, மலாய் நாவல் ஒன்றையும் முழுமையாகப் படியாத தமிழ் எழுத்தாளர், அண்டை வீட்டுச் சன்னலைத் தாமே சாத்திக்கொண்டவர் ஆவார். அடுத்து, எழுதுமுன் கேட்க வேண்டும். கேட்கும்போது முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாகாது. இனத்தைப் பற்றிக் கேட்காமல், அவர் பிறந்த வீட்டையும் முதற்கூலியையும் தாய் இறந்த நாளையும் கேட்க வேண்டும். தம் கதையையும் சொல்ல வேண்டும். கேட்பதை மட்டும் செய்து தன்னைச் சொல்லாதவர் விசாரணை அதிகாரி ஆகிவிடுவார். எழுதும்போது அயலாரை மாசற்றவராக்கவும் வேண்டுவதில்லை. குறையில்லாத அயலானும் மனிதன் அல்லன். அவன் மற்றொரு வகைப் பொம்மையே.

பள்ளிகளுக்கும் இதில் பங்குண்டு. தமிழ்ப்பள்ளி மாணவன் தன் பாட்டியிடம் தோட்டக் கதையைக் கேட்டு எழுதிவரும் பயிற்சி நல்லது. அதனோடு, கடைத்தெருவில் காய்கறி விற்கும் சீன மூதாட்டியிடமோ, பேருந்து ஓட்டும் மலாய்க்காரரிடமோ, செம்பனைத் தோட்டத்து வங்காளதேசத் தொழிலாளியிடமோ ஒரு பக்கக் கதை கேட்டு வரச் சொல்லும் பயிற்சியும் சேருமானால், அந்த வகுப்பிலிருந்து நாளை எழுதப் புறப்படுவோர் எழுத்து வேறாக இருக்கும்.

கலமுடைந்து கரையேறியவனைக் கொல்லாதீர் என்பது சாதுவன் நாகரிடம் கேட்ட மிகச் சிறிய அறம். கடாரக் கரைக்குக் கலமேறி வந்தோரின் வழித்தோன்றல்கள் இன்று கரையில் நிற்கின்றனர். அடுத்த கலத்தில் வருவோரை, நீ இங்கு வந்தது எவ்வாறு என்று கேட்டு, விடை முடியும்வரை காத்திருப்பது அவர்கள் எழுத்துக்கு இயலாத காரியமன்று.